மூக்குக்கு வேலி: ஒரே வெர்மீர் ஓவியத்தை இரண்டு முறை நகல் எடுத்த கதை

முதல் நகல் 9 நாளில் முடிந்தது. இரண்டாவதுக்கு 7 வாரம் ஆனது. இரண்டும் ஒரே படம், வரைந்ததும் ஒரே கை, டியூப்களும் பெரும்பாலும் அதே டியூப்கள்தான். முதலாவதிலிருந்து நான் கற்றது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டாவதிலிருந்து கற்றதை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். இடையில் என்ன மாறியது என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ள எழுதியது இது.

நான் மதுரைக்காரன். பென்சிலும் நீர்வண்ணமும் பத்து வருடப் பழக்கம். எண்ணெய் வண்ணம் தொட்டதில்லை. நீர்வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், இருட்டை மேலே மேலே ஏற்ற வேண்டும். எண்ணெயில் அது தலைகீழ். இருட்டை முதலில் மெலிதாகப் போட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் தடிமனாக வைக்க வேண்டும். படித்தால் ஒரு வரிதான். கைக்கு இறங்க எனக்கு இரண்டு கேன்வாஸ் தேவைப்பட்டது.

எண்ணெய் வண்ணம் சொல்லித்தர ஆள் கிடைக்காத கஷ்டம் நம் பக்கம் புதிதல்ல. திருவனந்தபுரம் அரண்மனையில் இளம் ரவிவர்மாவுக்கு, அங்கிருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிறகு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே விட்டாராம். ரவிவர்மா பார்த்தே பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கண் கிடையாது, அதனால் நகல் எடுப்பது என்று முடிவு செய்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரூபன்ஸ் 50 வயதைத் தாண்டி, ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய பிறகும், 1628-29இல் மாட்ரிட்டில் உட்கார்ந்து டிஷியனின் ஓவியங்களை நகல் எடுத்தவர்.

எடுத்துக்கொண்ட ஓவியம், யோஹானஸ் வெர்மீர் 1665ஆம் ஆண்டுவாக்கில் வரைந்த முத்துத் தோடு அணிந்த பெண். நெதர்லாந்தின் ஹேக் நகரில் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை உருவப்படம் என்று சொல்வது கொஞ்சம் தவறு. டச்சுக்காரர்கள் இந்த வகையை ‘டிரோனி’ என்பார்கள். இன்னார் என்று இல்லாமல் ஒரு முகம், ஒரு பாவனை, ஒரு விசித்திர உடை, அவ்வளவுதான். 1881இல் ஏலத்தில் இது வெறும் 2 கில்டருக்குப் போனது. மேற்கொண்டு 30 சென்ட் கமிஷன். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரே முகம், கைகள் இல்லை, பின்னணியில் நாற்காலி மேஜை இல்லை. அசலும் சின்னது: உயரம் 44.5 செ.மீ., அகலம் 39. அருங்காட்சியகமே பெரிய அளவுப் படத்தை இலவசமாகத் தருகிறது.

அளவில் ஒரு சின்ன அதிர்ஷ்டமும் இருந்தது. பிரேம் கடையில் 16க்கு 14 அங்குலத்தில் கேன்வாஸ் இழுத்துத் தரச் சொன்னேன். நீள அகல விகிதம் அசலோடு அச்சாகப் பொருந்திவிட்டது, நீளத்திலும் அகலத்திலும் அசலைவிட ஒன்பது சதவீதம் சிறியது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நகல் எடுப்பவர்களுக்கு, அசலின் அளவிலேயே வரையக்கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று விதி இருக்கிறது. மதுரையில் கேட்க ஆளில்லை என்றாலும் கேன்வாஸின் பின்பக்கம் முதல் நாளே ‘வெர்மீர் ஓவியத்தின் நகல்’ என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். ஹான் வான் மீகரென் கதையைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். போலி வெர்மீர்களை வரைந்து, அதில் ஒன்று நாஜித் தலைவர் கோரிங் கைக்கே போய், அசல் வெர்மீரை விற்றவர் என்று 1945இல் கைதாகி, ‘அதை வரைந்ததே நான்தான்’ என்று நிரூபிக்கக் காவலில் இருந்தபடியே இன்னொன்றை வரைந்து காட்டியவர். என் நகலைப் பார்த்து யாரும் ஏமாறப்போவதில்லைதான், சரி, ஒரு மரியாதைக்கு.

முதல் நகல்

டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஏ3 அளவில் ஒரு பிரதி எடுத்தேன். முகம் ரோஜா நிறத்துக்குச் சாய்ந்திருந்தது, பின்னணி தார் போலக் கருப்பு. அதையே அசலாக நம்பினேன். கட்டம் போட்டு, வெளிக்கோடுகளைப் பென்சிலில் துல்லியமாக எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் பிரிண்டில் தெரிந்த நிறத்தைக் கலந்து, கட்டம் கட்டமாக நிரப்பினேன். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம்போல. முகத்துக்கு டைட்டானியம் ஒயிட், வெர்மிலியன் சிவப்பு, யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள். நிழலுக்கு அதே கலவையில் கொஞ்சம் ஐவரி பிளாக்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாதி நாசம். யெல்லோ ஆக்கரோடு கருப்பு சேர்ந்தால் பச்சை வரும். கன்னத்தின் நிழல் முழுக்கப் பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரி ஆனது. அதை மறைக்க வெள்ளை சேர்த்தேன், சாம்பல் ஆனது. சாம்பலை மறைக்கச் சிவப்பு. ஒன்பதாவது நாள் இரவு, பவுடர் அப்பிக்கொண்டு வெயிலில் நின்ற ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிளெக்ஸ் வருவதற்கு முன் சினிமா பேனர் வரைந்தவர். பவுடர் வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, உள்ளங்கை அளவு ஸ்டில்லைப் பார்த்து, இருபது அடிக்கு முகம் போட்ட கை. படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, மூக்குக்கு எதுக்கு வேலி போட்டிருக்கீங்க?”

“மூக்குன்னா கோடு வரும்ல அண்ணே?”

“ஒரிஜினல்ல எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

போனில் அசலைத் திறந்து, மூக்குத்தண்டைப் பெரிதாக்கிக் காட்டப் போனேன். கோட்டைக் காணோம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மூக்குத்தண்டும் அதற்கு அந்தப்பக்கக் கன்னமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிறத்தில் கலந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லையே இல்லை. மூக்கு இருக்கிறது என்று நம் மூளைதான் கோடு போட்டுக்கொள்கிறது. ஒன்பது நாள் அந்தப் படத்தை முறைத்துப் பார்த்தும், அதில் இல்லாத ஒரு கோட்டை நான் கவனமாக நகல் எடுத்திருக்கிறேன்.

“நீங்க படத்தைப் பாக்கல, மூக்கைப் பாத்திருக்கீங்க. கண்ணைச் சுருக்கிட்டுப் பாருங்க. எது இருட்டு, எது வெளிச்சம். அவ்வளவுதான் மூஞ்சி,” என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். படத்தைப் பற்றி வேறெதுவும் பேசவில்லை என்பதே மதிப்பெண்.

வரிசையைத் தேடிப் போனது

அடுத்த இரண்டு வாரம் பிரஷைத் தொடவில்லை, படித்தேன். 2018 பிப்ரவரி-மார்ச்சில் இந்த ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பார்வையாளர்கள் பார்க்கும்படி ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, தொடாமலேயே ஆராய்ந்தார்கள். 2020இல் முடிவுகள் வந்தன. ஆப்கானிஸ்தான் பக்கத்து லாபிஸ் லசூலிக் கல்லிலிருந்து நீலம், இங்கிலாந்தின் பீக் மாவட்டத்து ஈயத்திலிருந்து வெள்ளை, கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து ஒரு சிவப்பு என்று நீண்டது பட்டியல். வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இமைமயிர்களும் அகப்பட்டன.

எனக்கு வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. வெர்மீர் முதலில் பழுப்பிலும் கருப்பிலும் அகலமான பிரஷ் இழுப்புகளால் முழுப் படத்தையும் அமைத்திருக்கிறார். காதையும் தலைத்துணியின் மேல்பகுதியையும் கழுத்தின் பின்கோட்டையும் இடம் மாற்றியிருக்கிறார். பிறகு பின்னாலிருந்து முன்னுக்கு வந்திருக்கிறார்: பின்னணி, முகத்தின் தோல், மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலர், தலைத்துணி, கடைசியாக முத்து.

நான் செய்தது நேர் எதிர். உற்சாகத்தில் முதல் நாளே முத்தை வரைந்து முடித்திருந்தேன்.

என் தவறு எனக்குப் பிடிபட்டது இங்கேதான். முதல் முறை நான் நகல் எடுத்தது மேலே தெரிந்த தோலை. படம் எந்த வரிசையில் உருவானதோ அந்த வரிசையை நகல் எடுத்திருக்க வேண்டும். ஓவியம் மேலே காட்டுவது ஐந்தாறு அடுக்குகளின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையைப் பார்த்து எழுதினால் கணக்கு வராது.

இரண்டாவது நகல்

கேன்வாஸின் வெள்ளையைக் கொல்லச் சாம்பல் கலந்த பழுப்பை மெலிதாகப் பூசிக் காயவிட்டேன். பென்சில் வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டேன். கண், மூக்கு நுனி, வாயோரம், தாடை, முத்து என்று சில புள்ளிகள் மட்டும். பிறகு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பை டர்பன்டைனில் கரைத்து, இருட்டு இருக்கும் இடமெல்லாம் அரை அங்குலப் பிரஷால் அப்பி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் பழைய பனியன் துணியால் துடைத்தெடுத்தேன். இரண்டு மணி நேரம். கண் இமை இல்லை, உதடு இல்லை, மூக்குக்குக் கோடு இல்லை. எழுந்து பத்தடி தள்ளிப் போய்த் திரும்பினால், அவள் இருந்தாள். முதல் நகலில் ஒன்பது நாளில் வராதவள், ஒரே நிறத்தில், ஒரு கந்தல் துணியில் வந்துவிட்டாள்.

அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், நாலு நாளில் தொடலாம் என்ற நிலை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவதுபோலக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால்தான் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் வைக்கச் சொல்கிறார்கள். மேல்பூச்சு முந்திக்கொண்டு இறுகினால், கீழே உள்ளது அசையும்போது வெடிப்பு விடும்.

பின்னணியில்தான் அதிக நாள் போனது. இன்று அது வெறும் கருப்பாகத் தெரிந்தாலும், வெர்மீர் போட்டது பச்சைத் திரை. கருப்பு அடிப்பூச்சின் மேல் இண்டிகோவும், வெல்டு என்ற செடியின் மஞ்சளும் கலந்த கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. மூன்றரை நூற்றாண்டில் அது நிறம் வெளுத்துச் சிதைந்துவிட்டது. இண்டிகோ என்றால் நம்ம ஊர் அவுரி இலைச் சாயம்தான். வேட்டிக்குச் சாயம் ஏற்றிய நீலம் டச்சுப் பெண்ணின் பின்னால் திரையாகத் தொங்கியிருக்கிறது என்று நினைக்க ஒரு சந்தோஷம். நான் எதை நகல் எடுப்பது, இன்றிருக்கும் கருப்பையா, அன்றிருந்த பச்சையையா? வரிசையை நகல் எடுப்பது என்று முடிவெடுத்தபின் பச்சைதான். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்த இருட்டைப் போட்டுக் காயவைத்து, அதன்மேல் எண்ணெய் தாராளமாகச் சேர்த்த மெல்லிய பச்சை.

தாராளம் கொஞ்சம் ஓவர். மூன்று வாரம் பிசுபிசுத்தது. வலப்பக்க மூலையில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. ஊசியால் எடுத்தேன், ஒரு கால் மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறது. ஆனால் பலன் கண்கூடு. முதல் நகலில் டியூப் கருப்பு சுவரில் போட்ட ஓட்டை மாதிரி இருந்தது. இதில் பின்னணிக்குள் காற்று இருக்கிறது, முகம் அதற்கு முன்னால் நிற்கிறது.

முகத்துக்கு வருவோம். வெர்மீரிடம் இருந்தது ஈய வெள்ளை. அது நஞ்சு, நான் தொடவில்லை. என்னிடம் உள்ள டைட்டானியம் ஒயிட் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. குளிர்ச்சியான வெண்மை, எதையும் மூடிவிடும். அரிசி மாவு மாதிரி, ஒரு சிட்டிகை கூடினாலும் குழம்பு மாறிவிடும். அதனால் வெள்ளையை எடுக்கும்போதெல்லாம் ஒரு துளி யெல்லோ ஆக்கரைக் கூடவே எடுத்தேன். நிழலில் வெள்ளை போடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். கன்னத்தின் நிழலில் கீழே கிடந்த பழுப்பு அப்படியே தெரியட்டும், அதன்மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மெலிதாக. பச்சைப் பாசி போன இடம் தெரியவில்லை. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தை, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, காய்ந்த பிரஷால் தடவிக் கரைத்தேன்.

கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை. பேனர் அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார்: “கண்ணுல வெள்ளை வச்சா பேய் தம்பி.” நான் கலந்தது சாம்பல். வண்ணம் கலக்கும் பலகையில் பார்த்தால் அழுக்குத் தண்ணீர். முகத்தில் வைத்ததும் கண் ஈரமானது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரே ஒரு புள்ளிதான் சுத்த வெள்ளை.

முத்து. முதல் நகலில் ஒரு நீள்வட்டம் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சாம்பலை ஏற்றியிறக்கி, அழகான பால்பேரிங் குண்டு ஒன்றைச் செய்திருந்தேன். அசலில் பெரிதாக்கிப் பார்த்தால் முத்துக்கு வெளிக்கோடு கிடையாது, காதில் மாட்டும் கொக்கியும் கிடையாது. இடப்பக்க மேலே தடித்த ஒரு வெள்ளைத் தீற்றல், அடியில் காலரின் வெண்மை பட்டு எதிரொளிக்கும் மங்கலான ஒரு வளைவு. நடுவில் இருப்பது பெரும்பாலும் கழுத்து நிழல். ரொம்ப எளிது என்று நினைத்துத் தொடங்கி, பதினொரு முறை துடைத்தேன். தீற்றல் சரியாக இருந்தால் வளைவு அதிகப் பளிச்சென்று இருக்கும். வளைவு அடங்கினால் தீற்றல் கோணும். காலருக்குக் கலந்த சாம்பல் வெள்ளையின் மிச்சத்தையே அடி வளைவுக்குத் தொட்டு வைத்த பன்னிரண்டாவது முறை நின்றது. காலரின் வெண்மை முத்தில் எதிரொளிக்க வேண்டுமென்றால் காலரை முதலில் வரைந்திருக்க வேண்டும் அல்லவா? முத்து ஏன் கடைசி என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.

எது ஓவியம், எது காயம்

நகல் எடுப்பவர் விழும் இன்னொரு குழி உண்டு. பெரிய அளவுப் படத்தில் வெடிப்புகள் எல்லாம் தெரிகின்றன, அதையும் வரைவதா? 1994இல் இந்த ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது, முத்தில் வெகுகாலம் ஒளிப்புள்ளியாக நினைத்திருந்த ஒன்று, பெயர்ந்து போய் இடம் மாறி ஒட்டிக்கொண்ட வண்ணச் சில் என்று தெரிந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நகல் எடுத்த எத்தனையோ பேர் அந்தச் சில்லைப் பக்தியோடு வரைந்திருப்பார்கள். அதே வேலையில் வாயோரத்தில் ஒரு சின்ன ரோஜா நிற ஒளிப்புள்ளி வெளியே வந்தது. அதை என் நகலில் வைத்ததும் உதடு பேசப்போவதுபோல ஆனது. பொட்டளவுகூட இல்லை.

சரிபார்க்க மூன்று வழி வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது. போனில் கருப்பு வெள்ளையாக மாற்றி அசலோடு பக்கத்தில் வைப்பது. அப்புறம் இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, திடீரென்று பார்ப்பது. கண்ணாடி காட்டிக்கொடுத்தது: அருகிலுள்ள கண் 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. கருப்பு வெள்ளை இன்னொன்றைக் காட்டியது: தாடைக்குக் கீழே கழுத்து நிழல் நான் துணிந்ததைவிட இரண்டு மடங்கு இருட்டு. இரண்டையும் திருத்தினேன். தலைத்துணியின் நீலத்தில் மட்டும் இன்னும் தோல்விதான். மடிப்புகள் துணியாக விழாமல் தகரமாக நிற்கின்றன. 7 வாரத்தில் பிரஷ் கையில் இருந்தது நாற்பது மணி நேரம் இருக்கலாம், மிச்சமெல்லாம் காயக் காத்திருந்தது.

அத்தை

நகல் சுவரில் ஏறிய பிறகு, நிஜ ஆளை வைத்து ஒன்று போட்டுப் பார்த்தேன். எங்கள் அத்தை, 74 வயது, வடக்கு ஜன்னல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி. வரிசை அப்படியே கை கொடுத்தது. பழுப்பில் இரண்டு மணி நேரம், துணியால் துடைப்பு, மூக்குக்கு வேலி இல்லை. அத்தை நடுவில் தூங்கிவிட்டார், பரவாயில்லை.

நிறத்தில்தான் வெர்மீர் கைவிட்டார். அவர் பலகை அந்த ஊர்த் தோலுக்கானது. அத்தையின் மாநிறத்தில் வெள்ளை சேர்த்து வெளிச்சம் காட்டினால் நெற்றியில் திருநீறு பூசியதுபோல் ஆகிறது. நம் தோலில் வெளிச்சம் ஜன்னலின் நீலத்தை வாங்கிக்கொண்டு கண்ணாடிபோல மின்னுகிறது. நிழலில் பர்ன்ட் சியன்னாவும் அலிசரினும் சேர்ந்த ஒரு சிவப்புச் சூடு இருக்கிறது. அதை எந்த டச்சு நகலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நெற்றியை மூன்று முறை சுரண்டி எடுத்தேன். அதற்கு நகல் எடுக்க வேண்டுமானால் ரவிவர்மாவிடம் போக வேண்டும் போலிருக்கிறது. அடுத்த கேன்வாஸ் அதற்குத்தான்.

தோட்டை மட்டும் மிகுந்த நம்பிக்கையோடு முடித்தேன். மேலே ஒரு தடித்த தீற்றல், கீழே ஒரு மங்கல் வளைவு. பத்தடி தள்ளி நின்றால் வைரமாக ஜொலித்தது. அத்தை பத்தடி தள்ளி நிற்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்கு கேன்வாஸில் இடிக்கும்படி வந்து நின்று பார்த்தார்.

“ஏண்டா, இது எங்க அம்மா போட்ட ஏழு கல் தோடு. ரெண்டு கல்லுதான் இருக்கு. மிச்சம் அஞ்சு எங்கடா?”